பிரிட்டானியா நாட்டில் குடியேறியவர்கள்

கணிப்பொறி விளையாட்டு என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு நான் ‘அல்டிமா’வைத்தான் எடுத்துக் காட்டுவேன். அமெரிக்காவில் ரிச்சர்ட் கேரியட் 1981-இல் தொடங்கிய மாயக்கதைத் தொடர் அது. 1985-இல் வந்த நான்காம் பாகத்தில் கொல்ல வேண்டிய பெரிய வில்லனே கிடையாது. வாய்மை, கருணை, அடக்கம் என எட்டு நற்பண்புகளில் தேறி ‘அவதார்’ ஆகவேண்டும். (நம் சொல்லேதான்!) மூலிகை விற்பவருக்குக் கண் தெரியாது, நாம் எண்ணி வைப்பதுதான் காசு. குறைத்து வைத்தால் அவருக்குத் தெரியாது, ஆட்டம் கணக்கில் வைத்துக்கொள்ளும்.

தனியாக ஆடியவரை சரி. 1997 செப்டம்பரில் அதே பிரிட்டானியா நாட்டை ‘அல்டிமா ஆன்லைன்’ என்று இணையத்தில் திறந்தார்கள். மாதச் சந்தா கட்டி ஆயிரக்கணக்கானோர் குடியேறினர். முயலை ஓநாய் தின்னும் என்றெல்லாம் ஓர் இயற்கைச் சுழற்சியை வகுத்திருந்தார்கள். வந்தவர்களோ கண்ணில் பட்டதையெல்லாம் வேட்டையாடித் தீர்த்தார்கள். சுழற்சியையே கைவிட வேண்டியதாயிற்று. அதற்கு முன், வெள்ளோட்டத்திலேயே, கேரியட் ஏற்றிருந்த மன்னர் வேடத்தை ஓர் ஆட்டக்காரர் நெருப்பு மந்திரத்தால் கொன்றுவிட்டார்! ஊர் எல்லையைத் தாண்டினால் வழிப்பறி, கொலை. எட்டு நற்பண்புகளைச் சீந்துவாரில்லை.

2000-இல் நாட்டையே நகலெடுத்து இரண்டாக்கினார்கள். பழையதில் பழைய வழக்கமே நீடித்தது. புதியதில் சம்மதமில்லாமல் ஒருவரை ஒருவர் தாக்க முடியாது. பெரும்பாலோர் அங்கே போய்விட்டனர். பயத்தோடு சுவையும் போயிற்று என்று குறைப்படுபவர்கள் உண்டு. என் ஓட்டு புதிய நாட்டுக்கே. புது ஊரில் முதன்முதலாகக் கால் வைத்தவரை வழிமறித்துப் பறிப்பதில் என்ன சுவையோ, எனக்குப் புரியவில்லை.