காளையார்கோயில் காட்டுக்கு ஆள் தேவை

ரெண்டு வருடமாக, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் காடு வளர்த்துக்கொண்டிருக்கிறேன். லேப்டாப்பில்தான். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3' விளையாட்டோடு ஒரு எடிட்டர் வரும். அதில் நிலம், ஆறு, ஊர், படை எல்லாவற்றையும் நாமே வைத்துச் சொந்தமாக ஒரு மேப் செய்யலாம். நான் செய்வது 1801-ல் மருது சகோதரர்களுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த காளையார்கோயில் சண்டை. இதைத் தனியாளாக முடிக்க முடியாது என்று போன தீபாவளி லீவில் தெரிந்துபோனது. ஏன் முடியாது, எந்த மாதிரி ஆட்கள் வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். விளையாட்டில் ஆர்வம் இல்லாதவர்களும் படிக்கலாம். ஒரு போரை விளையாட்டாக்கும்போது என்ன தொலைந்துபோகிறது என்பதும் இதில் இருக்கிறது.

தீபாவளிக்கு வந்த அக்கா பையன் கம்பெனிப் பக்கம் எடுத்து ஆடினான். இருபதே நிமிஷம். குடியேறிகளை வரிசையாக அனுப்பிக் காட்டை வெட்டினான், வந்த மரத்தில் படைவீடு கட்டினான், பீரங்கியோடு போய்க் கோயில் ஊரைப் பிடித்துவிட்டான். பிறகு என்னைப் பாராட்டினான்: "மாமா, செம மேப். மரத்துக்குப் பஞ்சமே இல்ல!"

எனக்குச் சுருக்கென்றது. நான் கோட்டையாக நினைத்து வைத்த காடு, அவனுக்கு விறகுக்கடை.

காடு என்ன செய்தது

1801 ஆகஸ்டில் கர்னல் அக்னியூவின் படை சிறுவயல் பக்கமிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட ஆரம்பித்தது. ஏறக்குறைய ஒரு மாதம் வெட்டினார்கள். வெட்டுகிறவர்களுக்குக் காவல், காவலுக்குப் பின்னால் தானியமும் வெடிமருந்தும், அந்த வண்டிகளுக்கு இன்னொரு காவல் என்று வேலை நீண்டுகொண்டே போனது. புதருக்குள்ளிருந்து தாக்குதல் நிற்கவில்லை. கடைசியில் பாதையைப் பாதியில் விட்டுவிட்டுப் படை பின்வாங்கியது.

ஆனால் இந்த விளையாட்டின் கணக்கில் மரம் என்பது ஒரு எண். வெட்டினால் வெட்டியவனுக்கு வரவு. அந்த ஒரு மாதம் கம்பெனிக்கு மரம் வரவே இல்லை, முழுக்கச் செலவு. காலனியப் போரைப் பற்றி மேப் செய்கிற யாருக்கும் முதல் சிக்கல் இதுதான். நிலத்தை வளமாக மட்டும் பார்க்கும் கண் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. நாம் கதையை மாற்றினாலும் விதி பழைய கதையைத்தான் சொல்லும்.

இதை மாற்ற டிரிக்கர் எழுதணும். டிரிக்கர் என்பது சின்ன 'இப்படி நடந்தால் இப்படி செய்' கட்டளை. இந்த எல்லைக்குள் கம்பெனி ஆள் நுழைந்தால் பின்னால் புதரில் நாலு வேல்காரர்களை நிறுத்து. வண்டி பாதையின் கடைசிவரை வராவிட்டால் முன்னால் இருப்பவர்களின் பலத்தைக் குறை. நான் தொழிலாக நிரல் எழுதுகிறவன், அதனால் முப்பது நாப்பது எழுதிவிட்டேன். இப்போது அவை ஒன்றையொன்று மிதிக்கின்றன. முதல் தேவை, டிரிக்கர் பிழை பார்க்கத் தெரிந்த ஒருவர்.

யார் எந்தப் பக்கம்

அடுத்தது நிறம். கம்பெனிக்குச் சிவப்பு, மருதுவுக்குப் பச்சை என்று ரெண்டே நிறம் வைத்திருந்தேன். இது பள்ளிக்கூட நாடகம், வரலாறு இல்லை. கம்பெனிப் படையில் வெள்ளையரைவிட நம் ஊர்ச் சிப்பாய்கள்தான் அதிகம். புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரமும் கம்பெனியோடு நின்றார்கள். மருது பக்கம் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின் தப்பி வந்த ஊமைத்துரை இருந்தார். விளையாட்டிலோ சிப்பாய் 'இந்தியர்கள்' அணியின் வீரன். எடிட்டரில் அவனைக் கம்பெனி நிறத்துக்கு மாற்ற ஒரு கிளிக் போதும். ஏன் மாறினான் என்று ஆடுகிறவருக்குச் சொல்லத்தான் வழி தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 1801 ஜூன் 16-ல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரையும் சேரச் சொன்ன அறிக்கை. அதற்குக் கம்பெனியின் பதில் செப்டம்பரில் வந்தது. சோழபுரத்தில் வைத்து, படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கையின் ஜமீன்தாராக அறிவித்தார்கள். மருதுக்களை விட்டு விலக யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு வாசல். ஆகஸ்ட் முழுக்கக் கோடரி செய்யாததை ஒரு பட்டம் சூட்டும் விழா செய்யத் தொடங்கியது. அடுத்து, பல பக்கமிருந்தும் நுழைந்த படையிடம் அக்டோபர் 1-ல் காளையார்கோயில் விழுந்தது. அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

காகிதமும் பட்டமும் ஆட்களை அசைத்த போர் இது. பீரங்கிக்கு விளையாட்டில் பொத்தான் இருக்கிறது, அறிக்கைக்கு இல்லை. இரண்டாவது தேவை, இந்தக் காலத்தைப் படித்தவர், முக்கியமாக நான் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பவர். கே. ராஜய்யன் 1971-ல் எழுதிய 'சவுத் இந்தியன் ரெபெல்லியன்' நூலையும், இந்தப் படையெடுப்பில் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளையும் வைத்துத்தான் வேலை செய்கிறேன். வெல்ஷ் எழுத்தில் மருது 'மூர்டூ' ஆகிவிடுவார். ஊர்ப் பெயர்களைச் சத்தமாக வாசித்துப் பார்த்தால்தான் எந்த ஊர் என்று பிடிபடும். சிவகங்கைப் பக்கத்து ஆள் ஒருவர் கூட இருந்தால் பாதி வேலை மிச்சம்.

அதே வெல்ஷ், தனக்கு வேல் எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தது சின்ன மருதுதான் என்று எழுதியிருக்கிறார். நூறு கஜத்துக்குள் வளரி குறி தப்பாது என்பது அவர் கணக்கு. அப்படியே வைத்தால் வளரிக்காரர் துப்பாக்கிக்காரருக்குச் சமமாக நிற்பார், மேப்பின் சமநிலை மொத்தமும் மாறும். வளரிக்கு உருவமும் அசைவும் செய்ய ஒரு முப்பரிமாண ஓவியர் தேவை. இது மூன்றாவது.

நாலாவது, நிலம் தெரிந்தவர். முதலில் இன்றைய செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து மரம் நட்டேன். நண்பர் ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். இப்போது அங்கே கண்ணுக்குத் தெரிகிற முள்ளில் பெரும்பங்கு சீமைக்கருவேலம், அது நம் மண்ணுக்கு இந்தப் போருக்குப் பிறகு வந்தது. 1801-ன் காட்டில் என்ன மரம், கண்மாய்க் கரை எந்தப் பக்கம், வண்டி எங்கே சிக்கும் என்பதெல்லாம் அந்த மண்ணில் நடந்தவருக்குத்தான் தெரியும்.

ஆள் கேட்கும் முறை

போன வருடம் நண்பர்கள் குழுவில் "வரலாற்று ஆர்வலர்கள் தேவை" என்று ஒரு வரி போட்டேன். நிறையப் பேர் வந்தார்கள். யோசனை குவிந்தது, வேலை நகரவில்லை. ஒரு வாரத்தில் பேச்சு, மருதுக்கள் யாருடைய ஆட்கள் என்பதில் போய் நின்றது. ரெண்டு பேர் இன்றும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தப்பு என் மேல்தான். ஆர்வத்தைக் கேட்டேன், வேலையைக் கேட்கவில்லை.

அதில் கற்றுக்கொண்டது மூணு. ஒன்று, கையில் ஆடிப் பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கணும், ஓட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. ரெண்டு, ஒரு மாலையில் முடிகிற வேலையாகக் கொடுக்கணும். 'திட்டத்தில் சேருங்கள்' என்றால் மனுஷன் ஓடிவிடுவான். 'இந்தக் கண்மாய் சரியா பாருங்க' என்றால் பார்த்துக் கொடுப்பான். மூணு, காசு இல்லாத வேலையில் பெயர்தான் கூலி. யார் என்ன செய்தார்கள் என்பது மேப்பின் முதல் திரையிலேயே வரணும்.

கூடவே ஆடிப் பார்க்கவும் நாலைந்து பேர் வேண்டும். ஒரு நிபந்தனை: ரெண்டு பக்கமும் ஆடணும். கம்பெனியாக ஆடும்போது அந்த ஒரு மாதக் காட்டுவேலை அலுப்பாக இருந்தால் சொல்லுங்கள், சந்தோஷப்படுவேன். சுலபமாக இருந்தால் மறுபடி வேலை செய்கிறேன்.

பொங்கலுக்கு வந்த அக்கா பையன் இந்த முறை மருது பக்கம் ஆடினான். நான் வரலாற்றுப்படியே முடிவு வைத்திருந்தேன். தோற்றதும் திரும்பிக் கேட்டான்: "எப்படி ஆடினாலும் தோக்கணும்னா எதுக்கு மாமா ஆடணும்?"

ஜெயிக்க வைத்தால் பொய். தோற்க மட்டும் வைத்தால் யாரும் ரெண்டாவது முறை ஆடமாட்டார்கள். இப்போதைக்கு வெற்றி தோல்வியை எடுத்துவிட்டு, எத்தனை நாள் காட்டைக் காத்தீர்கள் என்ற எண்ணை மட்டும் வைத்திருக்கிறேன். அவன் பன்னிரண்டு நாள் தாங்கினான், மறுநாள் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் வந்து லேப்டாப் கேட்டான். இது சரியான விடையா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. இதைவிட நல்ல விடை வைத்திருப்பவர்தான் எனக்கு முதலில் வேண்டிய ஆள்.