மண்டலம் சொல்லாத மணி

எழுத்துகளாகப் பதிவான தேதியைக் கணினி நிரல் படித்து, கணக்கிடத்தக்க காலப்புள்ளியாக மாற்றுவது பாகுபடுத்தல் எனப்படும். ‘2000-01-01 06:00’ என்னும் எழுத்துச்சரம் ஒரு கடிகாரம் காட்டிய மணியைச் சொல்கிறதே தவிர, அக்கடிகாரம் எந்த ஊர்ச் சுவரில் தொங்கியது என்பதைச் சொல்வதில்லை. விடுபட்ட அத்தகவலை நிரல்மொழி தானே ஊகித்து, எச்சரிக்கை ஏதுமின்றி நிரப்பிக்கொள்வதிலிருந்தே பிழைகள் பலவும் பிறக்கின்றன.

இவ்வகையில் ஜாவாஸ்கிரிப்டின் நடத்தை விநோதமானது. ‘1990-05-12’ என்று தேதி மட்டும் இருந்தால், அதை யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக அம்மொழி கொள்கிறது. தேதியுடன் மணியும் சேர்ந்திருந்து மண்டலம் மட்டும் விடுபட்டிருந்தால், கணினி உள்ள இடத்தின் நேரமாகக் கொள்கிறது. யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடும் சென்னையில் அந்த நள்ளிரவு அதே நாளின் காலை 5:30 ஆகிவிடுவதால், நிரலாளரின் திரையில் பிறந்த தேதி சரியாகவே தெரியும். நியூயார்க்கிலோ அது முந்தைய நாளின் இரவு 8 மணி என்பதால், அங்குள்ள பயனர் மே 11 அன்றே பிறந்துவிடுகிறார்.

ஐஎஸ்ஓ 8601 என்னும் தரம், சரத்தின் இறுதியில் ‘+05:30’ போன்ற விலகலையோ, யுடிசியைக் குறிக்கும் ‘இசட்’ எழுத்தையோ சேர்க்க வழிசெய்கிறது. ஆயினும் ஜாவாவின் பழைய வகுப்பான சிம்பிள்டேட்ஃபார்மேட்டில் அந்த எழுத்தை மேற்கோள்குறிக்குள் இட்டுவிட்டால், அது பொருளற்ற வெற்றெழுத்தாகி, நேரம் உள்ளூர் நேரமாகவே படிக்கப்படும். ஐஎஸ்டி போன்ற சுருக்கங்களையும் நம்புவதற்கில்லை. இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து ஆகிய மூன்றுமே அதற்கு உரிமை கொண்டாடுகின்றன.

விலகல் வேறு, மண்டலம் வேறு என்பதற்கு இலங்கையே தக்க சான்று. 1996 மே மாதத்தில் அந்நாடு தன் கடிகாரத்தை +6:30க்கு நகர்த்தியது. அக்டோபரில் +6:00க்குக் குறைத்து, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் +5:30க்குத் திரும்பியது. ஆகவே முதலில் காட்டிய ‘2000-01-01 06:00’ என்னும் சரம் கொழும்பில் எழுதப்பட்டதாயின், இன்றைய விலகலைக் கொண்டு அதைப் படிக்கும் நிரல் அரை மணி நேரம் தவறும். இம்மாற்றங்களையெல்லாம் வரலாறாகத் தொகுத்து வைத்திருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் ‘ஆசியா/கொழும்பு’ என்னும் பெயரைக் கொண்டு தேடும் நிரல் தவறாது. எனினும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் அம்மாற்றங்களை ஏற்காததால், அதே காலத்தில் கிளிநொச்சியில் குறிக்கப்பட்ட மணியை அப்பெயரும் அரை மணி பிசகியே படிக்கும்.