பாலத்தில் ஒட்டிய கண்ணாடி இழை

பாலம், அணை, சுரங்கப்பாதை போன்ற கட்டுமானங்கள் சுமையால் எங்கே, எவ்வளவு இழுபடுகின்றன என்பதை, அவற்றின் மேல் ஒட்டிய அல்லது கான்கிரீட்டுக்குள் புதைத்த கண்ணாடி இழை காட்டிக்கொடுக்கும். இணையத் தகவலைச் சுமக்கும் அதே ஒளியிழைதான். மேலுறையை நீக்கினால் தடிமன் 0.125 மி.மீ. கட்டுமானம் நீண்டால் இழையும் உடன் நீளும். அதற்குள் செல்லும் ஒளியில் அந்த மாற்றம் பதியும். இழை துருப்பிடிப்பதில்லை. அதில் மின்சாரம் ஓடாததால் மின்னலோ ரயில் பாதையின் மின்கம்பியோ அளவீட்டைக் குலைப்பதுமில்லை. பிடிக்க வேண்டிய மாற்றமோ மிகச் சிறியது. மீட்டருக்குச் சுமார் 0.1 மி.மீ. இழுபட்டாலே கான்கிரீட் விரிசல் விடத் தொடங்கிவிடும்.

கட்டுமானங்களில் பரவலாகப் பயன்படும் ஒரு முறை பிராக் கீற்றணி. 1978இல் கனடாவின் ஒட்டாவாவில் கென்னத் ஹில் குழுவினர் இதைக் கண்டறிந்தனர். இழையின் நடுத்தண்டில் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு, ஒளிவிலகல் எண் சீரான இடைவெளியில் ஏறி இறங்கும்படி புற ஊதாக் கதிரால் பதிக்கிறார்கள். அந்த இடம் ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். இழுபட்டால் இடைவெளி கூடும். திரும்பும் அலைநீளமும் கூடும். கல்கரி நகரில் 1993இல் திறக்கப்பட்ட பெடிங்டன் டிரெயில் பாலத்தில், எஃகு வடங்களோடு கார்பன் நார் வடங்களும் உத்திரங்களை இறுக்கப் பயன்பட்டன. அந்தப் புதிய பொருள் நாளடைவில் இழுவிசையை இழக்குமா என்பதை அறியவே அங்கே கீற்றணிகள் வைக்கப்பட்டன.

கீற்றணி இருக்கும் இடத்தை மட்டுமே அளக்கும். விரிசலோ பொறியாளர் எதிர்பார்த்த இடத்தில்தான் வரும் என்பதில்லை. இந்தக் குறையைப் போக்குவது பிரில்லூவன் சிதறல் முறை. இழையில் ஓடும் ஒளித்துடிப்பில் ஒரு துளி, கண்ணாடியின் ஒலி அதிர்வுகளில் பட்டுப் பின்னோக்கித் திரும்பும். அதன் அதிர்வெண் சுமார் 11 கிகாஹெர்ட்ஸ் விலகியிருக்கும். இழை இழுபட்ட இடத்தில் அந்த விலகல் மாறும். எந்த இடம் என்பதைத் திரும்பும் நேரம் சொல்லும்: தொலைவு ஒரு மீட்டர் கூடினால் 10 நானோநொடி கூடும். இப்படிப் பல கிலோமீட்டர் இழை முழுவதும் உணரியாகிவிடுகிறது.

ஸ்வீடனின் கோத்தென்பர்க்கில் 1939இல் திறக்கப்பட்ட யோத்தா ஆற்றுப் பாலத்துக்கு இது பெருந்துணையாக அமைந்தது. அதன் எஃகு உத்திரங்கள் தரம் குறைந்தவை; விரிசல்களும் கண்டிருந்தன. மாற்றுப் பாலம் வரும்வரை போக்குவரத்தையும் நிறுத்த முடியாது. ஐந்து உத்திரங்களில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு உணரி இழை ஒட்டப்பட்டது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. விரிசல் திறக்கும் இடத்தில் இழை இறுக்கமாக ஒட்டியிருந்தால் அறுந்துவிடும். அதனால் விரிசலுக்கு இருபுறமும் சிறிது தூரம் பசை தானே விடுபடும்படி வடிவமைத்தார்கள். நீட்சி அந்த நீளத்தில் பகிர்ந்துகொள்ளப்படும், இழையும் தப்பும். இந்தத் தொழில்நுட்பத்தின் வெற்றி பாதிக்குமேல் பசையில்தான் இருக்கிறது. 2021இல் புதிய பாலம் திறக்கப்பட்டது.

வெப்பமும் ஏமாற்றும். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் கீற்றணியின் அலைநீளம் சுமார் 10 பிக்கோமீட்டர் நகரும். மீட்டருக்கு 8 மைக்ரோமீட்டர் இழுபட்டாலும் ஏறத்தாழ இதே நகர்வுதான். எனவே இழுவிசை படாமல் குழாய்க்குள் தளர்வாக விட்ட இன்னொரு இழையால் வெப்பத்தைத் தனியே அளந்து கழிக்கிறார்கள். வெப்பத்தை மட்டும் அளக்க, சர் சி.வி. இராமன் 1928இல் கண்டறிந்த சிதறலே உதவுகிறது. அணைக் கான்கிரீட் இறுகும்போது எழும் சூட்டையும் மண் அணைகளில் நீர்க் கசிவையும் இவ்வகை இழைகள் காட்டுகின்றன.

இழை சொல்வது, தான் ஒட்டப்பட்ட நாளுக்குப் பின் நேர்ந்த மாற்றத்தை மட்டுமே. பழைய பாலம் அதற்குமுன் தாங்கிய சுமையின் கணக்கு அதில் கிடைக்காது. ஆகவே கட்டும்போதே பதிப்பதுதான் சிறந்தது. அடித்தளத்தில் தொடங்கி, சுமை ஏற ஏற அளவுகளைக் குறித்துவைத்தால் பின்னாளில் ஒப்பிட ஓர் அடிப்படை இருக்கும்.