லினோவில் ஒரு முகம்

லினோ அச்சில் முகம் செய்வது பென்சிலால் வரைவது போன்றதல்ல. பென்சில் போன இடம் கறுப்பு. இங்கே உளி போன இடம் வெள்ளை. ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணியில் படியவைத்த, தரைக்கு விரிக்கிற லினோலியம்தான் பலகை. வெட்டாமல் விட்ட மேட்டில் உருளையால் மை பூசி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தாலே அச்சு விழும். இடமும் வலமும் மாறித்தான் விழும். அதை முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

வெட்டியதைத் திரும்ப ஒட்ட ஏலாது. ஒரே மையில் அச்சிட்டால் சாம்பல் நிறமும் கிடையாது. அப்படியென்றால் களைத்த முகத்தை எப்படிக் காட்டுவது? நான் தமிழ் படிப்பிப்பவன். ஆனாலும் வருணனை படிப்பிக்கும்போது ஒரு லினோ அச்சின் பிரதியை வகுப்புக்குக் கொண்டுபோவேன். எலிசபெத் கேட்லெட் 1952இல் செதுக்கிய 'ஷேர்கிராப்பர்' அது.

கேட்லெட் அடிமைகளாயிருந்தவர்களின் பேத்தி. 1915இல் வாஷிங்டனில் பிறந்து, 1946இல் மெக்சிகோ போனவர். அங்கே 1937இல் தொடங்கிய மக்கள் அச்சுப் பட்டறையில் சேர்ந்தார். சுவரொட்டியும் துண்டுப்பிரசுரமும் அடித்துச் சனங்களுக்குக் கொடுத்த இடம் அது. மலிவான லினோ அதற்குத் தோதாக இருந்தது.

படத்தில் இருப்பவள் பிறர் நிலத்தைப் பயிரிட்டு விளைச்சலில் பங்கு கொடுக்கும் கறுப்பினப் பெண். போடியார், முல்லைக்காரர் உறவை அறிந்த கிழக்கிலங்கையாருக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. ஆனால் அமெரிக்கத் தெற்கில் இதன்மேல் அடிமைமுறையின் நிழலும் கிடந்தது.

இனி உளியைப் பாருங்கள். தொப்பியில் கீறல்கள் ஓலைப் பின்னலோடு வளைந்து ஓடுகின்றன. முகத்திலோ அவை எலும்பையும் தசையையும் பின்பற்றி, கன்னத்தில் ஒரு பக்கமும் கழுத்தில் இன்னொரு பக்கமுமாகத் திரும்புகின்றன. நெருக்கமாக வெட்டிய இடம் வெளிச்சம், ஐதாக வெட்டிய இடம் நிழல். களைப்பு கீறலின் திசையில் இருக்கிறது. வாயைக் கோணலாக்கி அழுகை காட்டவில்லை. சட்டையை மூடப் பொத்தான் இல்லை, ஒரு சேப்டி பின்தான். அந்தச் சின்னப் பின்னே வறுமையைச் சொல்லிவிடுகிறது. ஆகவே முகம் பரிதாபம் கேட்க வேண்டியதில்லை. நாமோ அவளைச் சற்றுக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். அவள் நம்மைப் பார்ப்பதேயில்லை.

பிள்ளைகள் செய்யும்போது முதலில் கண்ணைத்தான் வெட்டப் போவார்கள். "பொறுங்க, முதல்ல எது கறுப்பாகவே இருக்கணும் எண்டு பாருங்க" என்பேன். கண்மணி பெரும்பாலும் வெட்டாமல் விட்ட கறுப்புத்தான்; அதில் ஒரு புள்ளி எடுத்தால் போதும், பார்வை வந்துவிடும்.