பெல்லட் அடுப்பு பற்ற மறுத்தால்

விறகு அடுப்பு பற்றாவிட்டால், புகையைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடும் அனுபவம் நம் வீட்டுத் தாய்மார்களுக்கு உண்டு. பெல்லட் அடுப்போ புதியது. விசிறி, மின்சாரம், திருகுத்தண்டு ஆகிய மூன்றும் ஒத்துழைத்தால்தான் அதில் தீ பிறக்கும். ஆகவே அது பற்ற மறுக்கும்பொழுது பழகாதவர்கள் திகைத்து நிற்பது இயல்பே. அங்கத்தினர்களுக்குப் பயன்படும் பொருட்டு இவ்விஷயத்தை இங்கே சற்று விரிவாக ஆராய்வோம்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் நெருப்பை நம்பி நடக்கும் தொழில்கள் பல. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பால் சுண்டும் வரையில் சூடு தடைப்படலாகாது. சுந்தரபாண்டியம் முதலிய நெசவூர்களில் நூலுக்குச் சாயமேற்றவும், பாவுக்குக் கஞ்சி காய்ச்சவும் அடுப்பு வேண்டும். வாட் சாயத்தொட்டி 50 முதல் 60 டிகிரி சூட்டில் நிற்க வேண்டிய நேரத்தில் தீ அணைந்துவிட்டால், சாயம் திட்டுத்திட்டாக ஏறும். அந்நூலில் நெய்த சேலை விலை போகாது. அந்த நஷ்டம் நெசவாளியின் கூலியிலேயே வந்து விழும்.

பெல்லட் என்பது மரத்தூள், நிலக்கடலைத் தொலி, பருத்திமார் போன்றவற்றைப் பொடியாக்கி, 6 முதல் 8 மில்லிமீட்டர் கனமுள்ள குச்சிகளாக அழுத்திச் செய்யும் எரிபொருள். அதில் ஈரம் நூற்றுக்கு 10 பங்குக்கு மேற்படலாகாது. பெரிய அடுப்பில் தொட்டியிலுள்ள பெல்லட்டைத் திருகுத்தண்டு சிறிது சிறிதாகத் தீக்கிண்ணத்தில் தள்ளும், மின்கம்பி பழுத்து அதைப் பற்றவைக்கும், விசிறி காற்றூட்டும். இந்த வரிசையை மனத்திற்கொண்டால், கோளாறு எங்கே என்பதை அடையாளங்களே காட்டிக்கொடுக்கும்.

முதலாவது: விசிறியே சுழலவில்லை என்றால் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். பிளக், ஃபியூஸ், பாட்டரி, மூடி சரியாகப் பொருந்தியிருத்தல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கவும். மின்னழுத்தம் குறைந்த வேளையில் விசிறி சுழன்றாலும் மின்கம்பி பழுக்காது.

இரண்டாவது: விசிறி சுழல்கிறது, பெல்லட் விழவில்லை என்றால், தொட்டி காலியாயிருக்கலாம், அல்லது தூள் அடைந்து திருகுத்தண்டு சிக்கியிருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே தொட்டிக்குள் கையிட வேண்டும்.

மூன்றாவது: பெல்லட் விழுகிறது, புகையே இல்லை என்றால், மின்கம்பி கெட்டிருக்கக்கூடும். புதியது வரும்வரை, அடுப்பின் அமைப்பு இடந்தந்தால், தேங்காய் நார் அல்லது சிராய்த்துண்டுகளைக் கொண்டு கையாலேயே பற்றவைத்து வேலையை நடத்தலாம்.

நான்காவது: புகை வருகிறது, சுவாலை எழவில்லை என்றால், குற்றம் காற்றிலோ ஈரத்திலோ உள்ளது. தீக்கிண்ணத்தின் துவாரங்களைச் சாம்பல் அடைத்திருக்கும். நெல் உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும். உமி கலந்த பெல்லட்டை எரிப்போர் தினந்தோறும் கிண்ணத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வது அவசியம். புகைக்குழாயில் கரி படிந்திருந்தாலும் இதே நிலைதான்.

ஐந்தாவது: பற்றி உடனே அணைகிறது என்றால், தீயைக் கண்டறியும் கண்ணாடியில் புகை படிந்திருக்கலாம். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

வீட்டுச் சிறு அடுப்புகளில் தீயை மேலிருந்து வைப்பதே முறை. மேல்வரிசைத் துவாரங்களுக்கு மேலாகப் பெல்லட்டை நிரப்பினால் காற்று தடைப்படும். தொடக்கத்தில் விசிறியை வேகமாகச் சுழற்றினால் இளந்தீ அவிந்துபோகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் தொல்லை மிகுதி. நல்ல பெல்லட் வழவழப்பாக இருக்கும். ஒடித்தால் படீரென முறியும். ஈரம் குடித்ததோ உப்பி, விரலிடையே உதிரும். மூட்டைகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பலகைமீது, சுவரை ஒட்டாமல் அடுக்குவது நலம்.

இனி ஓர் எச்சரிக்கை. பற்றாத அடுப்பில் மண்ணெண்ணெயையோ பெட்ரோலையோ ஊற்றுவது உயிருக்கே ஆபத்து. இரண்டு முறை முயன்றும் பற்றாவிட்டால், கிண்ணத்தில் குவிந்த பெல்லட்டை அகற்றி, புகை முழுதும் வெளியேறிய பிறகே மீண்டும் முயல வேண்டும். தேங்கிய புகை குப்பென்று தீப்பிடிக்கும். கதவடைத்த அறையில் எரிப்பதும் கூடாது. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

மேற்கூறியவை தனி ஒருவர் செய்யத்தக்கவை. சங்கம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சியினின்று உருவான ‘ஊர்ஜா’ என்னும் பெல்லட் அடுப்பு, 2006-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் இலட்சக்கணக்கில் விற்கப்பட்டது. அடுப்பு நன்றாகவே எரிந்தது. ஆயினும் நாளடைவில் பெல்லட்டின் விலை ஏறியது. அடுப்பை விலைகொடுத்து வாங்கிய எத்தனையோ குடும்பங்கள் அதை ஒதுக்கிவைக்க நேர்ந்தது. எரிபொருள் கைக்கெட்டாவிட்டால், பழுதற்ற அடுப்பும் பற்றாத அடுப்பே.

நம் கரிசல் நிலத்தில் பருத்தி எடுத்து முடிந்ததும் மாரை வயலிலேயே விட்டுவைத்தால், இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதில் தங்கி அடுத்த வெள்ளாமையைத் தாக்கும். அதை விரைவில் அகற்றுவது விவசாயிக்கு லாபம்; அதுவே பெல்லட்டானால் நெசவாளிக்கு லாபம். பருத்தியை ஒருவர் விளைவிக்க, மற்றவர் நெய்கிறார். நெருப்பிலும் அவ்விருவரும் கைகோத்தல் கூடாதோ? பெல்லட்டை மொத்தமாகக் கொள்முதல் செய்து உலர்ந்த கிடங்கில் வைத்தல், மின்கம்பியும் ஃபியூஸும் உபரியாக இருப்பில் வைத்தல், பழுது பார்க்க ஓர் இளைஞருக்குப் பயிற்சி அளித்தல் ஆகிய மூன்றையும் மழைக்கு முன்னரே பொதுக்குழுவில் வைத்து முடிவு செய்யுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.