சாந்த்ராகாச்சி மாடியில் காற்றாலை

விடுமுறைக்கு நாகர்கோவில் சென்று மீளும் நம் அன்பர் சிலர், முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளைக் கண்டு, "சாந்த்ராகாச்சியில் நம் மாடியிலும் ஒன்று நிறுவலாகாதா?" என வினவுகின்றனர். நியாயமான ஆசையே. ஆயினும் சேமிப்பில் கைவைக்குமுன் ஒரு கணக்கை நோக்குவோம்.

காற்றின் வேகம் பாதியானால் அதன் ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். 2 மீட்டர் விட்டமுள்ள சுழலி, வினாடிக்கு 12 மீட்டர் வேகக் காற்றில் ஏறத்தாழ 1,000 வாட் தரும். விற்பவர் கூறும் அளவு பெரும்பாலும் இத்தகைய காற்றுக்கே உரியது. 3 மீட்டர் வேகத்தில் அதே சுழலி தருவது 15 வாட், ஓரிரு எல்.இ.டி. விளக்குக்குப் போதும்!

ஆரல்வாய்மொழிக் கணவாய் தென்மேற்குப் பருவக்காற்றைக் குவித்து அனுப்புகிறது. ஹௌராச் சமவெளிக்கு அப்பேறு இல்லை. கோடை மாலைகளில் வரும் கால்பைசாகி வன்மையுடையதுதான். ஆனால் சிறிது நேரமே வீசும், கம்பத்தையும் சாய்க்கும். போதாக்குறைக்கு, நெருங்கிய மாடிகள் காற்றைக் கலைக்கின்றன. சுற்றிலும் 150 மீட்டருக்குள் உள்ள கட்டடம், மரம் யாவற்றினும் 9 மீட்டர் உயர்ந்து சுழலி நிற்றல் வேண்டும் என்பர் துறையறிந்தோர். மாடிச் சுவரில் கம்பத்தைப் பிணைத்தாலோ, அதிர்வு படுக்கையறை வரை இறங்கும்.

இன்னும் விருப்பம் தணியாதவர், அவ்வுயரத்தில் காற்றுமானி வைத்து ஓராண்டு அளந்து பார்க்கட்டும். சராசரி வேகம் வினாடிக்கு 4 மீட்டரைக்கூட எட்டாவிடில், அத்தொகைக்குச் சூரிய மின்தகடு வாங்கலாம். அதற்கு உயர்ந்த கம்பமும் வேண்டா.