உஷார்! உங்கள் கேமின் குடுமி யார் கையில்?

கேம் உருவாக்கும் வேலையில் இறங்கியிருக்கும் தம்பி, தங்கைகளே, கொஞ்சம் நில்லுங்கள். எந்த கிராபிக்ஸ் ஏபிஐ-யை நம்பி கோடு எழுதுகிறீர்கள்? அது யாருடைய சொத்து? நாளைக்கு அவர்கள் கடையை மூடினால் உங்கள் கேம் என்ன ஆகும்? இதையெல்லாம் கேட்காமல் இறங்கியவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

1996-ல் த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தது. அன்றைக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூடவே கிளைட் என்று ஒரு சொந்த ஏபிஐ-யும் கொடுத்தார்கள். எழுதச் சுலபம், ஓட்டத்தில் வேகம். கேம் கம்பெனிகள் ஆசையாக எடுத்துக்கொண்டன. ஆனால் அது அந்த நிறுவனத்தின் சிப்பில் மட்டும்தான் ஓடும். வேறு கார்டுகளிலும் அதை ஓடவைக்க ராப்பர் எழுதியவர்கள் மீது சட்டம் பாய்ந்தது. 1999 கடைசியில் மனசு மாறி சோர்ஸ் கோடைத் திறந்துவிட்டார்கள். காலம் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே சொத்துகளை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டு நிறுவனம் படுத்துவிட்டது. கிளைட்டை மட்டுமே நம்பிய பழைய கேம் ஒன்றை இன்றைய கணினியில் போட்டுப் பாருங்கள். கிளைட்2எக்ஸ்.டிஎல்எல் கோப்பைக் காணோம் என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். ஆர்வலர்கள் எழுதிவைத்த ராப்பர்களின் புண்ணியத்தில்தான் அவற்றுக்கு உயிர்.

பெரிய நிறுவனம், கைவிடாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஓபன்ஜிஎல் 1992 முதல் இருக்கும் பொதுத் தரம். ஆப்பிள் அதை மேக்கில் 4.1-லேயே நிறுத்திவைத்தது. 2018-ல், இனி எங்கள் சொந்த ஏபிஐ மெட்டல்தான், ஓபன்ஜிஎல்லை விட்டு வெளியே வாருங்கள் என்று சொல்லிவிட்டது. பொதுத் தரத்தில் எழுதியவர்களுக்கே இந்தக் கதி. அதனால் திரையில் வரையும் பகுதியைத் தனி அடுக்காகப் பிரித்து வையுங்கள். கேமின் விதிகளுக்குள் ஏபிஐ அழைப்புகளைக் கலக்கவே கலக்காதீர்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. நீங்களே மனசார எல்லாவற்றையும் திறந்துவைக்க நினைத்தாலும், உள்ளே கிடக்கும் அடுத்தவர் பண்டம் விடாது. 1997 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேரின் ஜான் கார்மாக் டூம் கேமின் சோர்ஸ் கோடை உலகத்துக்குக் கொடுத்தார். உலகமே ஆடியது அதன் டாஸ் பதிப்பைத்தான். ஆனால் அந்தக் கோடைத் தர முடியவில்லை. வெளியிலிருந்து உரிமம் வாங்கிய ஒரு ஒலி லைப்ரரி அதற்குள் இருந்தது. லினக்ஸ் பதிப்பின் கோடைத்தான் தந்தார். 2011-ல் டூம் 3-ன் கோடைத் திறக்கும்போது நிழல் வரையும் முறை மேல் இன்னொரு நிறுவனத்தின் காப்புரிமை இருந்தது. வக்கீல்கள் தயங்கினார்கள். அந்தப் பகுதியை மாற்றி எழுதித்தான் வெளியிட முடிந்தது. தன் கோடைத் தானே கொடுக்க அவ்வளவு பெரிய கைக்கே இத்தனை முட்டுக்கட்டை!

கன்சோல் பக்கம் போகிறவர்கள் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருங்கள். டெவ்கிட் கையில் வருமுன் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்த டெவ்கிட்டுக்காக எழுதும் கோடு பொதுக் கோடோடு ஒரே ரெப்போவில் கலந்தால், பிறகு எதையுமே வெளியே காட்ட முடியாது. முதல் நாளே தனி ரெப்போ போடுங்கள்.

நல்ல வழியும் கண்முன்னே இருக்கிறது. ஏஎம்டி தன் மேன்டில் ஏபிஐ-யைப் பூட்டிவைக்காமல் குரோனோஸ் அமைப்பிடம் கொடுத்தது. அதிலிருந்து 2016-ல் வல்கன் பிறந்தது. அதன் விவரக்குறிப்பை யாரும் படிக்கலாம். அதனால்தான் விண்டோஸ் கேம்களின் டைரக்ட்3டி அழைப்புகளை வல்கனாக மாற்றி, 2018-ல் வந்த புரோட்டான் என்ற மென்பொருள் அவற்றை லினக்ஸில் ஓடவைக்கிறது.

இன்று ராத்திரி தூங்குமுன் உங்கள் பிராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து, ஒவ்வொரு லைப்ரரியின் லைசென்ஸ் கோப்பையும் முழுசாகப் படியுங்கள். லைசென்ஸே இல்லாத லைப்ரரி ஒன்று கண்ணில் பட்டால், அடுத்த வரி எழுதுமுன் அதைத் தூக்கிவிடுங்கள்.